அமெரிக்கக் கிராமத்தில் நிலம் எடுத்தவர்களுக்கு: கவுண்டி ஆபீஸும் பண்ணை மானியமும்

மக்காச்சோளம் விதைத்தால் மக்காச்சோளத்துக்கான மானியம் வரும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். 2024-இல் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றில், ஊருக்கு ஒரே ஒரு சிக்னல் உள்ள ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நானும் மனைவியும் 46 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தோம். 12 ஏக்கரில் மக்காச்சோளம், கொஞ்சம் காய்கறி, மிச்சம் அப்படியே புல். அந்த அக்டோபரில் பக்கத்து நிலத்துக்காரருக்கு மக்காச்சோளக் கணக்கில் அரசுப் பணம் வந்தது. அவர் அந்த வருடம் விதைத்ததோ சோயா. மக்காச்சோளம் விதைத்த எங்களுக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது, சட்டமே அப்படித்தான். இங்கே முக்கியமான மானியங்கள் உங்கள் வயலில் இன்று நிற்கும் பயிரைப் பார்த்து வருவதில்லை. அந்த நிலத்தின் பேரில் ஆபீஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்து வருகின்றன. இது முதலிலேயே தெரிந்திருந்தால் எங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தகுதி உண்டா?

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் நின்று படியுங்கள். பயிர் மானியச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் வெளிநாட்டவர். நிலம், முதலீடு, கணிசமான உடலுழைப்பு மூன்றையும் நீங்களே போட்டால் தவிர பணம் கிடையாது. அந்த உடலுழைப்பை உங்கள் விசா அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

மானியமே வேண்டாம், முதலீட்டுக்கு நிலம் மட்டும் வாங்குகிறேன் என்றாலும் விடாது. 1978-இல் வந்த ஒரு சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினாலோ, பத்து வருடமோ அதற்கு மேலோ குத்தகைக்கு எடுத்தாலோ, 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ-153 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ஏக்கருக்கு உட்பட்ட, வருடத்துக்கு 1,000 டாலர் விளைச்சல்கூட இல்லாத துண்டு நிலங்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி மறந்துவிட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். நிலம் விற்கும் ஏஜென்ட் இதை உங்களுக்கு நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அயோவா போன்ற சில மாநிலங்களில் வெளிநாட்டவர் நிலம் வாங்குவதற்கே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது.

முதல் வேலை: ஆபீஸைக் கண்டுபிடிப்பது

நீங்கள் போக வேண்டிய இடம் கவுண்டி நிர்வாகத்தின் கட்டடம் அல்ல. மத்திய வேளாண் துறையான யுஎஸ்டிஏவின் சேவை மையம். அதற்குள் இரண்டு அலுவலகங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று எஃப்எஸ்ஏ, பண்ணைச் சேவை முகமை. மானியம், பதிவு, கடன் எல்லாம் இங்கே. இன்னொன்று என்ஆர்சிஎஸ். மண், தண்ணீர், வடிகால், பசுமைக்குடில் சமாச்சாரங்கள் அங்கே. நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருந்தாலும் எல்லாவற்றிலும் ஆபீஸ் கிடையாது. இரண்டு மூன்று கவுண்டிகளை ஒரே ஆபீஸ் பார்ப்பதும் உண்டு.

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். கதவைத் திறந்துகொண்டு நேரே நுழையலாம்தான். ஆனால் விதைப்புப் பதிவு நடக்கும் ஜூலையில் போனால் ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஜனவரியில் போனால் காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண், நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம். பண்ணையை எல்எல்சி என்ற நிறுவனமாகப் பதிந்து வைத்திருந்தால் அதன் பத்திரங்களும் வரி எண்ணும். வாய்மொழிக் குத்தகை இங்கேயும் சகஜம். ஆனால் புதியவர்கள் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பண்ணை எண், அப்புறம் அந்த ஒற்றைத் தாள்

ஒவ்வொரு நிலத்துக்கும் எஃப்எஸ்ஏவில் ஒரு பண்ணை எண், அதற்குள் டிராக்ட் எண், அதற்குள் வயல் எண் என்று இருக்கும். நம் ஊர் சர்வே எண், உட்பிரிவு போல. வானிலிருந்து எடுத்த படத்தில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். நீங்கள் புதியவர் என்றாலும் நிலம் புதிதில்லை. பெரும்பாலும் எண் ஏற்கெனவே இருக்கும், உங்கள் பெயரைச் சேர்ப்பதுதான் வேலை.

அங்கே உட்கார்ந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தப் பண்ணையின் 156 வேண்டும்." எஃப்எஸ்ஏ-156ஈஇசட் என்பது அதன் முழுப் பெயர். ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கம் வரும். அதில் மூன்று எண்களைப் பாருங்கள். மொத்தச் சாகுபடி ஏக்கர் எவ்வளவு, பயிர்வாரியாக பேஸ் ஏக்கர் எவ்வளவு, ஒவ்வொரு பயிருக்கும் பதிவான பிஎல்சி மகசூல் எவ்வளவு (பிஎல்சி என்பது விலைச் சரிவுக்கான மானியம், பின்னால் வரும்).

பேஸ் ஏக்கர்தான் எல்லாம். மானியக் கணக்குக்காக அந்த நிலத்தின் பேரில் ஒரு பயிருக்குப் பதிவாகியிருக்கும் ஏக்கர் அது. பல இடங்களில் இந்த எண் 1980களிலும் 2002 பண்ணைச் சட்டத்தின்போதும் பதிவான விதைப்புக் கணக்கிலிருந்து வந்தது. அதாவது, அந்தக் காலத்தில் அந்த வயலில் மக்காச்சோளம் விதைத்த யாரோ ஒருவரின் கணக்கு இன்று உங்கள் மானியத்தைத் தீர்மானிக்கிறது. பக்கத்து நிலத்துக்காரருக்குப் பணம் வந்ததன் ரகசியம் இதுதான். அவர் நிலத்தில் மக்காச்சோள பேஸ் உண்டு, மேலே என்ன விதைத்தாலும் அது மாறாது. எங்கள் 46 ஏக்கர் வெகுகாலம் மேய்ச்சல் நிலமாகக் கிடந்தது. 156 தாளில் பேஸ் என்ற இடத்தில் பூஜ்யம்.

ஆகவே நிலம் வாங்கும் முன்பே, குத்தகைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே, நிலத்துக்காரரிடம் 156-ஐக் கேளுங்கள். கிணறு இருக்கிறதா என்று கேட்கிறோம் இல்லையா, அதுபோல. அவர் கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது. 2019 முதல் 2023 வரை விதைத்த கணக்கைப் பார்த்து நாடு முழுக்க 3 கோடி ஏக்கர் வரை புதிதாக பேஸ் சேர்க்க அதில் இடம் உண்டு. யாருடைய விதைப்புக் கணக்கு? ஆபீஸில் பதிவு செய்தவர்களுடையதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

படிவங்கள்

நிறைய இருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை ஒருமுறை போட்டால் நிலைமை மாறும்வரை போதும். ஏடி-2047 என்பது உங்கள் பெயர், முகவரி. சிசிசி-902 என்பது பண்ணையை யார் நடத்துகிறார்கள், நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது, டிராக்டர் யாருடையது என்ற விவரம். எல்எல்சி என்றால் கூடவே 901. சிசிசி-941 வருமானச் சான்று. மூன்று வருடச் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் பெரும்பாலான மானியங்கள் கிடையாது. ஐடி வேலையும் பார்த்துக்கொண்டு பண்ணையும் நடத்துகிற நம்மவர்கள் பலர் இந்த வரம்பைக் கண்டு மிரள்கிறார்கள். எண்ணை இன்னொருமுறை படித்தால் மிரட்சி போய்விடும்.

இரண்டு படிவங்களில் மட்டும் நிதானம் வேண்டும்.

ஒன்று ஏடி-1026. எளிதில் அரித்துப்போகும் நிலத்தைப் பாதுகாப்புத் திட்டமில்லாமல் உழமாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழி. இதை மீறினால் ஒரு வயலுக்கு மட்டும் இல்லை, உங்கள் பேரில் உள்ள எல்லா மானியமும் நின்றுபோகலாம். பழைய மேய்ச்சல் நிலத்தை உடைக்கப் போகிறீர்களா, குழாய் புதைத்துத் தண்ணீரை வடிக்கப் போகிறீர்களா, மரங்களை அகற்றப் போகிறீர்களா? முதலில் சொல்லுங்கள். என்ஆர்சிஎஸ் ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு டிராக்டரை இறக்குங்கள். எங்கள் 12 ஏக்கருக்கு அப்படித்தான் செய்தோம். விதைப்பு பத்து நாள் தள்ளிப்போனது, தலைவலி மிச்சமானது.

இன்னொன்று சிசிசி-860. பண்ணை நடத்தத் தொடங்கிப் பத்து வருடம் ஆகாதவர் 'தொடக்க நிலை விவசாயி' என்று இதில் அறிவிக்கலாம். இந்த ஒரு டிக் பல கதவுகளைத் திறக்கும். உதாரணத்துக்கு, ஒரு பண்ணையில் மொத்த பேஸ் பத்து ஏக்கரோ அதற்குக் கீழோ இருந்தால் பொதுவாக மானியம் கிடையாது. தொடக்க நிலை விவசாயிக்கு அந்தத் தடை இல்லை.

ஜூலை 15

எஃப்எஸ்ஏ-578, விதைப்பு அறிக்கை. எந்த வயலில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், என்றைக்கு விதைத்தீர்கள் என்ற கணக்கு. அடங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே விஏஓ எழுதமாட்டார், நீங்கள்தான் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். வசந்தத்தில் விதைக்கும் பயிர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். குளிர்காலக் கோதுமைக்கும் பழமரங்களுக்கும் வேறு தேதிகள். கவுண்டிக்குக் கவுண்டி மாறும், உங்கள் ஆபீஸின் பட்டியலை வாங்கிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள்.

பேஸ் பூஜ்யம் என்று தெரிந்த பிறகு இதற்கு ஏன் போக வேண்டும் என்று அலுத்துக்கொண்டே நான் போனேன். மனைவி வற்புறுத்தியதால்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மார்ச்சில் விஷயம் புரிந்தது. விலை சரிந்து செலவு ஏறியதால் 2024 பயிருக்கு நாடாளுமன்றம் ஒதுக்கியிருந்த அவசர உதவியை வேளாண் துறை அறிவித்தது. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76, கோதுமைக்கு 30.69. இதற்கு பேஸ் வேண்டாம், 2024-இல் உண்மையில் விதைத்த ஏக்கர்தான் கணக்கு. 578 கொடுத்திருந்தவர்களுக்கு, பாதி நிரப்பிய விண்ணப்பமே தபாலில் வந்தது. எங்கள் 12 ஏக்கருக்கு 514.92 டாலர். முதல் தவணையாக அதில் 85 சதவீதம், 437 டாலர் சொச்சம். பெரிய தொகை இல்லை. ஆனால் போட்டது அரை மணி நேரம்.

இப்படித் திடீரென வரும் உதவிகள்தான் இங்கே அடிக்கடி பெரிய பணம். 2019-இல் சீனாவுடனான வர்த்தகச் சண்டையின்போதும் விதைத்த ஏக்கருக்குப் பணம் கொடுத்தார்கள். அப்போது ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தனி விலை, ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. கவுண்டி எல்லைக்கோடு இங்கே வெறும் வரைபடக் கோடு இல்லை.

பேஸ் இருந்தால்: ஏஆர்சியா, பிஎல்சியா?

உங்கள் தாளில் பேஸ் இருந்தால், அதிர்ஷ்டசாலி, அடுத்த கேள்வி இது. பிஎல்சி என்பது விலைச் சரிவுக்கான ஈடு. சட்டம் ஒவ்வொரு பயிருக்கும் ஓர் ஆதார விலை வைத்திருக்கிறது. மக்காச்சோளத்துக்கு புஷலுக்கு 3.70 டாலராக இருந்தது, 2025 சட்டத்தால் 4.10 ஆனது. சோயா 8.40-இலிருந்து 10 டாலர். மக்காச்சோளத்தில் ஒரு புஷல் சுமார் 25.4 கிலோ. நாட்டின் சராசரி விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தருவார்கள்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பேஸ் 100 ஏக்கர், பதிவான மகசூல் ஏக்கருக்கு 150 புஷல், சராசரி விலை 3.80 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 சென்ட். பேஸில் 85 சதவீதத்துக்குத்தான் பணம். 0.30 × 150 × 85 = 3,825 டாலர். அதில் மத்திய பட்ஜெட் பிடித்தம் 5.7 சதவீதம் போக, கையில் 3,607. முந்தைய வருடங்களில் விலை உயர்ந்திருந்தால் ஆதார விலையும் ஓரளவு மேலே நகரும், அது உங்களுக்குச் சாதகம்.

ஏஆர்சி வேறு மாதிரி. அதில் பொதுவாக எடுப்பது கவுண்டி வகை. உங்கள் கவுண்டியின் சராசரி மகசூலையும் விலையையும் பெருக்கி வரும் வருமானம், வழக்கமான அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம். 2025 சட்டத்துக்கு முன்பு இது 86. கவனியுங்கள், உங்கள் மகசூல் இல்லை, கவுண்டியின் மகசூல். உங்கள் வயலில் ஆலங்கட்டி மழை பெய்து எல்லாம் போனாலும், கவுண்டியில் மற்றவர்களுக்கு நன்றாக விளைந்திருந்தால் ஒன்றும் வராது. உங்களுக்கு அமோகமாக விளைந்து, மற்ற இடங்களில் காய்ந்திருந்தால் பணம் வரும்! நியாயமா என்றால், இல்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பயனில்லை. சொந்த வயலின் நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடு வேறு இருக்கிறது. அதைத் தனியார் ஏஜென்ட்தான் விற்பார், பிரீமியத்தில் பெரும் பங்கை அரசு கட்டும்.

2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அதையே தருவதாகச் சட்டம் சொல்லிவிட்டது. மற்றபடி நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி நாள் வழக்கமாக மார்ச் 15, ஆபீஸில் உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்வு முடிந்தால் போதாது, வருடா வருடம் சேர்க்கைக் கையெழுத்தும் போட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

பணம் யாருக்கு, நிலத்துக்காரருக்கா குத்தகைக்காரருக்கா? நஷ்டத்தைச் சுமப்பவருக்கு. ரொக்கக் குத்தகை என்றால் முழுவதும் உங்களுக்கு. விளைச்சலில் பங்கு தருவதாக வாரக் குத்தகைக்கு எடுத்திருந்தால் பங்குப்படி பிரியும். ஒருவருக்கு உச்சவரம்பு 2025 பயிருக்கு 1,55,000 டாலர். நம்மில் பலர் அதன் பக்கம்கூடப் போகமாட்டோம்.

காய்கறி போடுகிறவர்களுக்கு

வெண்டை, பாகல், மிளகாய் என்று போடுகிறவர்களுக்கு ஏஆர்சியும் பிஎல்சியும் கிடையாது. அதற்காக ஆபீஸிலிருந்து எழுந்து வந்துவிடாதீர்கள். என்ஏபி என்று ஒன்று உண்டு, காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான இழப்பீடு. கட்டணம் ஒரு பயிருக்கு 325 டாலர். 860 படிவம் கொடுத்த தொடக்க நிலை விவசாயிக்குக் கட்டணம் தள்ளுபடி. அடிப்படைக் காப்பில், மகசூல் பாதிக்குக் கீழே போனால்தான், அதுவும் சந்தை விலையில் 55 சதவீதம்தான் கிடைக்கும். கொஞ்சம் பிரீமியம் கட்டினால் காப்பை உயர்த்தலாம், அதிலும் உங்களுக்குப் பாதி விலை. பயிருக்குப் பயிர் கடைசித் தேதி வேறு, விதைப்பதற்கு வெகு முன்னாலேயே விசாரியுங்கள்.

நஷ்டம் வந்தால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கையால் பறிக்கிற பயிர்கள் சிலவற்றுக்கு 72 மணி நேரம்தான். ராத்திரி பனி விழுந்து மிளகாய்ச் செடி கருகினால், காலையில் முதலில் போட்டோ, அடுத்து ஆபீஸுக்குப் போன், அதற்கப்புறம் அழலாம்.

பக்கத்து மேசையில் என்ஆர்சிஎஸ் தரும் ஈக்விப் திட்டத்தில் பசுமைக்குடில், சொட்டுநீர், வேலி போன்றவற்றுக்குச் செலவில் ஒரு பங்கு வரும். தொடக்க நிலை விவசாயிக்கு அது 90 சதவீதம் வரை போகலாம், ஒரு பகுதியை முன்பணமாகவும் கேட்கலாம். நாங்கள் இதில்தான் வழுக்கி விழுந்தோம். விண்ணப்பம் போட்டாயிற்று, அதிகாரியும் வந்து பார்த்துவிட்டார், குளிர் வருவதற்குள் குடிலைக் கட்டிவிடலாம் என்று குழாய்களை வாங்கி நட்டோம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது என்பது விதி. தாளில் எழுதியே இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. குடில் இன்றைக்கும் நிற்கிறது, முழுச் செலவும் எங்களுடையது.

பணம் வரும்போது, வராதபோது

ஏஆர்சி, பிஎல்சி பணம் அறுவடை முடிந்ததும் வராது. சந்தை ஆண்டு முடிய வேண்டும். 2025-இல் விதைத்ததற்கு 2026 அக்டோபர். இதை நம்பி விதைக் கடன் வாங்காதீர்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன் வேண்டுமானால் எஃப்எஸ்ஏவிலேயே 50,000 டாலர் வரை சிறுகடன் கேட்கலாம்.

வந்த பணம் வருமானம்தான். ஜனவரியில் 1099-ஜி தாள் வரும், வரிக் கணக்கில் பண்ணை வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப்-இல் காட்டுங்கள். யாருக்கு எவ்வளவு போனது என்பது பொதுத் தகவல் என்பதால் அக்கம்பக்கத்துக்கும் தெரியும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுடையதும் உங்களுக்குத் தெரியும்.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்திலேயே அடுத்து எங்கே முறையிடலாம் என்று இருக்கும். முதலில் கவுண்டிக் கமிட்டி, அப்புறம் மாநிலம், கடைசியில் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 30 நாள். கவுண்ட்டரில் இருப்பவரிடம் கோபப்படுவதால் எதுவும் நகராது. அவரைத்தான் அடுத்த ஜூலையிலும் பார்க்கப் போகிறீர்கள்.

அந்தக் கவுண்டிக் கமிட்டியில் இருப்பவர்கள் அதிகாரிகள் இல்லை. உங்களைப் போன்ற விவசாயிகள், மூன்று வருடத்துக்கு விவசாயிகளே ஓட்டுப் போட்டு எடுத்தவர்கள். நவம்பரில் வாக்குச்சீட்டு தபாலில் வரும், டிசம்பர் முதல் திங்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். முதல் வருடம் அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். நீங்கள் உறையைப் பிரித்துப் பாருங்கள்.